மெழுகுவர்த்தி நிழலில் ஒரு கோடாலி: சோங் தாய்சூவை அவர் தம்பிதான் கொன்றாரா?

#1 ராப்பாடி

தூக்கம் வரவில்லையே என்று சீன வரலாற்றைப் புரட்டினேன். வர வேண்டிய தூக்கமும் போய்விட்டது. கதையைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

976 நவம்பர் 14, கைஃபெங் நகரம். சோங் அரசை நிறுவிய தாய்சூவுக்கு வயது 49. இயற்பெயர் ஜாவ் குவாங்யின். ராத்திரி அரண்மனை மாடத்தில் ஏறி வானத்தைப் பார்க்கிறார். பழைய சிநேகிதரான ஒரு தாவோ சாமியார் அவரிடம் குறி சொல்லியிருந்தார்: “பத்தாம் மாதம் இருபதாம் நாள் ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆயுள். இல்லையென்றால் ஆக வேண்டியதைச் சீக்கிரம் பார்.” முதலில் நட்சத்திரங்கள் பளிச்சென்று இருக்கின்றன. அப்புறம் மேகம் திரண்டு பனி கொட்டுகிறது.

ராஜா கீழே இறங்கி வந்து தம்பி குவாங்யியைக் கூப்பிட்டனுப்புகிறார். ஏவலாட்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு இருவரும் குடிக்கிறார்கள். தூரத்தில் நிற்பவர்களுக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நிழல்தான் தெரிகிறது. தம்பி அவ்வப்போது இருக்கையை விட்டு எழுந்து எதையோ மறுப்பதுபோல விலகுகிறார். மூன்றாம் ஜாமம். ராஜா கையிலிருந்த கோடாலியால் பனியைக் குத்தி, தம்பியைத் திரும்பிப் பார்த்து “நன்றாகச் செய், நன்றாகச் செய்” என்கிறார். பிறகு படுக்கிறார். இடி மாதிரி குறட்டை. தம்பி அன்றிரவு அரண்மனையிலேயே தங்குகிறார். விடியப் போகும் நேரத்தில் குறட்டை நின்றுவிட்டது, ராஜா இல்லை.

மறுநாள் அரியணையில் உட்கார்ந்தது தம்பி. 25 வயதில் ஒன்றும் 17 வயதில் ஒன்றுமாக அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கும்போதே!

சீனர்கள் இதை ‘மெழுகுவர்த்தி நிழலும் கோடாலி ஓசையும்’ என்று நாலே எழுத்தில் சொல்லிவிடுவார்களாம். என்னைக் கேட்டால் கொலைதான்.

#2 அரைக்காசு

ராஜா செத்தார், தம்பிக்கு லாபம், ஆகவே தம்பிதான் கொன்றான். இந்தக் கணக்கில் போனால் உலகத்தில் முக்கால்வாசிப் பட்டாபிஷேகம் கொலைக்கேஸ்தான்.

பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் அண்ணன், தம்பி என்றே பேசுவோமே. எனக்குக் குவாங்யின், குவாங்யி எது யார் என்று இப்போதே குழம்புகிறது.

#3 கிணற்றடி

ராப்பாடி தம்பி, கதையை நன்றாகச் சொன்னீர்கள். நீங்கள் சொன்ன கதையிலேயே ஒன்றைக் கவனியுங்கள். கோடாலி யார் கையில் இருக்கிறது? அண்ணன் கையில். குத்துவது எதை? பனியை. குத்திய பிறகும் பேசுகிறார், போய்ப் படுக்கிறார், குறட்டை விடுகிறார். ‘நிழல், கோடாலி’ என்று இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் நம் மனசு அங்கே ரத்தத்தைக் கொட்டிவிடுகிறது. மூலத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

அந்தக் கோடாலியும் மரம் வெட்டுகிறதல்ல. அரசர் கையில் வைத்திருக்கும் சின்னக் கோல், அதன் தலை கோடாலி வடிவம். இதே ராஜா அதை வேறு விதமாகப் பயன்படுத்திய கதை உண்டு. தோட்டத்தில் சிட்டுக்குருவி அடித்துக்கொண்டிருந்தவரிடம் ‘அவசரம்’ என்று ஓர் அதிகாரி வந்து நின்றார். பார்த்தால் சாதாரணக் காரியம். கோபத்தில் கோடாலிக் காம்பால் வாயிலேயே ஒரு போடு. இரண்டு பல் விழுந்தது. அதிகாரி குனிந்து பல்லைப் பொறுக்கினார். “என்ன, என்மேல் வழக்குப் போடப் போகிறாயா?” என்றார் ராஜா. “நான் எப்படிப் போடுவேன், வரலாறு எழுதுகிறவர் எழுதிக்கொள்வார்” என்றார் அதிகாரி. ராஜா சிரித்துவிட்டுப் பரிசு கொடுத்து அனுப்பினாராம்.

இனி முக்கியமான சங்கதி. நீங்கள் சொன்ன கதையை எழுதியவர் வென்யிங் என்ற பௌத்தத் துறவி. எழுதியது சம்பவம் நடந்து ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து. அதே தலைமுறையில் சிமா குவாங் என்ற பெரிய வரலாற்றாசிரியர் தம் குறிப்புகளில் எழுதிவைத்த கதை வேறு.

அவர் சொல்வது இது. ராஜா இறந்தது நாலாம் ஜாமம். மகாராணி உடனே வாங் ஜி-என் என்ற அரண்மனை அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்ட) அதிகாரியைக் கூப்பிட்டு, “இளைய மகன் தெஃபாங்கை அழைத்து வா” என்கிறாள். அவன் தெஃபாங் வீட்டுப் பக்கமே போகவில்லை, நேராகத் தம்பி வீட்டுக்குப் போகிறான். தம்பி தயங்குகிறார், “வீட்டாரிடம் கலந்து பேச வேண்டும்” என்று உள்ளே போனவர் வெளியே வரவில்லை. வாங் ஜி-என் அவசரப்படுத்துகிறான்: “இன்னும் தாமதித்தால் வேறொருவர் கைக்குப் போய்விடும்.” இருவரும் பனியில் நடந்தே அரண்மனைக்கு வருகிறார்கள். காலடிச் சத்தம் கேட்டு ராணி உள்ளிருந்து, “தெஃபாங் வந்துவிட்டானா?” என்கிறாள். “ஜின் இளவரசர் வந்திருக்கிறார்” என்று பதில். அது தம்பியின் பட்டம். ராணி திடுக்கிட்டுப் போய், அந்த இடத்திலேயே அவரை ராஜாவை விளிக்கும் சொல்லால் விளித்து, “எங்கள் தாய் பிள்ளைகள் உயிரெல்லாம் உங்கள் கையில்” என்றாள். தம்பி அழுதுகொண்டே, “செல்வத்தைச் சேர்ந்தே அனுபவிப்போம், கவலை வேண்டாம்” என்றார்.

ஆக, ஒரு கதையில் தம்பி ராத்திரி முழுக்க அரண்மனைக்குள் இருக்கிறார். இன்னொன்றில் தன் வீட்டில் இருக்கிறார். கோடாலியை முதல் கதையிலிருந்தும் திடுக்கிட்ட ராணியை இரண்டாம் கதையிலிருந்தும் எடுத்து ஒட்டித்தான் எல்லோரும் கொலை என்கிறார்கள். ஒன்று மெய்யென்றால் மற்றது பொய்.

#4 அரைக்காசு

இதைத்தான் சொல்ல வந்தேன். இருபத்தெட்டு வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் நான். அரசுத் தரப்பின் இரண்டு சாட்சிகள் இப்படி முரணாகச் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கவே வேண்டாம்.

#5 ராப்பாடி

சரி ஐயா, கோடாலியை விட்டுவிடுகிறேன். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

புது ராஜா வந்தால் நடப்பு வருஷம் முடியும்வரை பழைய ஆட்சியாண்டுப் பெயரையே (வருஷங்களை எண்ண ராஜா வைக்கும் பெயர்) வைத்துக்கொள்வதுதான் அங்கே மரபு. இறந்தவருக்குக் காட்டும் மரியாதை. தம்பி, வருஷம் முடியச் சில நாள் மிச்சம் இருக்கும்போதே பெயரை மாற்றிவிட்டார். அண்ணனின் கடைசி வருஷத்தைக்கூட முழுசாக விட மனமில்லை. என்ன அவசரம்?

அடுத்தது, வட எல்லையில் இருந்த லியாவ் அரசின் வரலாற்று நூல் இதை ஒரே வரியில் சொல்கிறது: சோங் அதிபர் இறந்தார், அவர் தம்பி தானே தன்னை நிறுத்திக்கொண்டார். ‘பட்டம் ஏற்றார்’ என்று எழுதவில்லை, ‘தானே’ என்று எழுதியிருக்கிறது.

சோங் வரலாற்று நூலில் தாய்சூவின் சாவுக்கு எவ்வளவு இடம்? அந்த மாலை, அந்த மண்டபம், வயது ஐம்பது (அவர்கள் கணக்கு). அவ்வளவுதான். நோய் என்ற பேச்சே கிடையாது. ஒரு வம்சத்தை நிறுவியவருக்கு ஒன்றரை வரி!

#6 மருதாணி

நான் டாக்டர் இல்லை. ஆனால் முப்பது வருஷம் ராத்திரி டூட்டி பார்த்த நர்ஸ். அந்தக் குறட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நிறையக் குடித்த, ஐம்பது வயதை நெருங்கும், கோபக்கார மனிதர். குளிரில் வெளியே நிற்கிறார். பிறகு வழக்கத்துக்கு மாறான பெரிய குறட்டை, அப்புறம் நிசப்தம். மூளையில் ரத்தக்கசிவு வந்த நோயாளி இப்படித்தான் மூச்சு விடுவார். “அப்பா நன்றாகத் தூங்குகிறார்” என்று பக்கத்தில் இருப்பவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் ஓடியதுண்டு.

விஷம் என்று சொல்வீர்கள். இந்தத் தம்பி 978இல் தெற்கு தாங் நாட்டின் கடைசி ராஜாவான கவிஞர் லி யூவுக்கு விஷம் கொடுத்துக் கொன்றதாகக் கதை இருக்கிறது. அந்த விஷம் நம் எட்டிக்காய் வகை என்று கருதுகிறார்கள். எட்டி விஷம் ஏறினால் உடம்பு வில்லாக வளையும், நினைவு தப்பாது, குறட்டை விட்டுத் தூங்க முடியாது. அந்த விஷமென்றால் இந்தச் சாவுக்கு அது பொருந்தாது.

ஆனால் கிணற்றடி ஐயா சொன்னது எனக்கும் பொருந்தும். குறட்டையும் அந்தத் துறவி கதையில்தான் இருக்கிறது. கோடாலியை நம்பாவிட்டால் குறட்டையை மட்டும் எப்படி நம்புவது?

#7 செம்பருத்தி

யாருமே கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். ராணி ஏன் பெரியவன் தெஜாவை விட்டுவிட்டுச் சின்னவன் தெஃபாங்கைக் கூப்பிட்டாள்?

சோங் மகாராணி தாய்சூவின் மூன்றாவது மனைவி. அன்றைக்கு அவளுக்கு வயது 24. மூத்த மகன் அவளைவிட ஒரு வயது பெரியவன். அவன் அரியணை ஏறினால் அவள் பெயருக்கு மாமியார் ஸ்தானத்தில் ஒரு மூலையில் உட்கார வேண்டும். 17 வயதுப் பையன் ஏறினால் திரைக்குப் பின்னால் நிர்வாகம் அவள் கையில். இரண்டு பிள்ளைகளுமே அவள் பெற்றதில்லை.

புருஷன் சடலம் ஆறுவதற்குள் அவளும் ஒரு கணக்குப் போட்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது. தப்பென்று சொல்லவில்லை. அந்த வீட்டில் கணக்குப் போடாதவர் யார்? அவள் அனுப்பிய ஆள் வேறொருவரின் ஆள், அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. 995இல் அவள் இறந்தபோது மகாராணிக்குரிய சடங்கு எதுவும் நடக்கவில்லை, அதிகாரிகள் துக்க உடை அணியவில்லை. இது முறையா என்று வாய்திறந்த வாங் யூசெங் என்ற அதிகாரியைப் பதவி இறக்கி வெளியூருக்கு அனுப்பினார்கள். ‘சேர்ந்தே அனுபவிப்போம்’ என்று அழுதவரின் ஆட்சியில்.

#8 அரைக்காசு

ராப்பாடி, ‘தம்பி எப்படி வரலாம்’ என்பது நம் கண்ணால் பார்க்கிற கேள்வி. அந்த ஊர்க் கண்ணால் பாருங்கள்.

907 முதல் 960 வரை 53 வருஷத்தில் வட சீனத்தில் ஐந்து வம்சம் வந்து போயிற்று. கடைசி வம்சத்தின் சாய் ரோங் 959இல் இறந்தார். ஏழு வயதுப் பிள்ளையை உட்காரவைத்தார்கள். அடுத்த வருஷமே சென்சியாவ் என்ற இடத்தில் படை கலகம் செய்து தளபதிக்கு மஞ்சள் அங்கியைப் போர்த்தியது. அந்தத் தளபதிதான் நம் அண்ணன்! சின்னப்பிள்ளை கையில் நாட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

அந்த சாய் ரோங் ராஜாவாகுமுன் என்ன பதவியில் இருந்தார் தெரியுமா? கைஃபெங் நகர ஆளுநர், ஜின் இளவரசர். நம் தம்பி 961 முதல் கைஃபெங் ஆளுநர். 973இல் ஜின் இளவரசர் பட்டம், முதலமைச்சர்களுக்கு மேலே இருக்கை. எழுதிக் கொடுக்கவில்லையே தவிர, ஊருக்கே புரிந்திருக்கும் அடுத்தவர் யாரென்று.

#9 ராப்பாடி

ஊருக்கே புரிந்திருந்தால் ராணிக்கு மட்டும் ஏன் புரியவில்லை?

பதினைந்து வருஷம் தலைநகரத்தைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு அண்ணன் கடைசியில் பயந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதே 976 வசந்தத்தில் லோயாங்குக்குப் போனவர் தலைநகரையே அங்கே மாற்றப்போவதாகச் சொன்னார். வெளிக்காரணம், கைஃபெங் சமவெளி, மலையரண் கிடையாது, பெரும்படை வைத்துத்தான் காக்க வேண்டும். எதிர்த்து நின்றவர் தம்பி. “காவல் நல்லாட்சியில் இருக்கிறது, மலையில் இல்லை” என்றார். அண்ணன் வாதத்தில் விட்டுக்கொடுத்தார். ஆனால் பக்கத்தில் இருந்தவர்களிடம், “நூறு வருஷத்துக்குள் மக்களின் சக்தியெல்லாம் இதிலேயே தீர்ந்துபோகும்” என்றாராம். ஆறேழு மாதத்தில் செத்துப்போனார்.

#10 கிணற்றடி

லோயாங் நல்ல வாதம். ஆனால் அண்ணன் சொன்ன ராணுவக் காரணம் வெளிப்பூச்சு இல்லை. 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜுர்சென் இனப் படை கைஃபெங்கை அப்படித்தான் பிடித்தது.

தம்பிக்கு எதிரான உண்மையான ஆவணம் வேறொன்று, தங்கப் பெட்டி. 961இல் இவர்களைப் பெற்ற அம்மா, தூ என்பவள், மரணப்படுக்கையில் அண்ணனிடம், “உனக்கு நாடு எப்படிக் கிடைத்தது?” என்றாள். “முன்னோர் புண்ணியம், உங்கள் புண்ணியம்.” “இல்லை. சாய் வீட்டார் குழந்தையை உட்காரவைத்ததால் கிடைத்தது. உனக்குப் பிறகு தம்பிக்குக் கொடு.” அண்ணன் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். அமைச்சர் ஜாவ் பூ எழுதிக் கையெழுத்திட்டார். தங்கப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

இந்தப் பெட்டி வெளியே வந்தது எப்போது? 981இல். தம்பி அரியணை ஏறி ஐந்து வருஷம் கழித்து! இப்படி ஒரு பத்திரம் கையில் இருந்தால் முதல் நாளே முரசறைந்து காட்டமாட்டாரா? வெளியே கொண்டுவந்தவரும் அதே ஜாவ் பூ. 973இல் பதவி போய், பழைய பகை காரணமாக ஓரங்கட்டப்பட்டுக் கிடந்தவர். பெட்டி வந்ததும் மறுபடி முதலமைச்சர்.

அந்த ஐந்து வருஷத்தில் நடந்ததையும் பாருங்கள். 979இல் தம்பி வடக்கே லியாவ் மேல் படையெடுத்து காவ்லியாங் ஆற்றங்கரையில் தோற்று, கழுதை வண்டியில் தப்பி ஓடினார். ராஜாவைக் காணோம் என்றதும் பாசறையில் சிலர் தெஜாவை ராஜாவாக்கலாம் என்று பேசினார்கள். இது அவர் காதுக்கு எட்டியது. ஊர் திரும்பியதும், முன்பு தாய்யுவான் நகரைப் பிடித்த வீரர்களுக்குப் பரிசு தரலையே என்று தெஜாவ் கேட்டான். “நீ ராஜாவானதும் கொடுத்துக்கொள்” என்றார் சித்தப்பா. தெஜாவ் வீட்டுக்குப் போய்ப் பழம் வெட்டும் கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டான். 981இல் தெஃபாங், 22 வயதில், நோயில் படுத்து இறந்தான். மிச்சம் கடைசித் தம்பி திங்மெய். அவரையும் சதிக் குற்றம் சாட்டி ஊர்கடத்தினார்கள், 984இல் அங்கேயே செத்தார். பெட்டி வந்தது இந்த வரிசைக்கு நடுவில்.

#11 அரைக்காசு

பின்னால் செய்தது முன்னால் செய்ததற்குச் சாட்சியாகாது. பதவிக்கு வந்தபிறகு பயத்தில் கொடூரமானவர்கள் ஆயிரம் பேர்.

ஆனால் அந்தப் பெட்டி போலி என்பதில் எனக்கும் பெரிய சந்தேகம் இல்லை. எங்கள் கோர்ட்டில் ‘பழைய பத்திரம்’ பார்த்தே கண் பழுத்தவன் நான். எழுதியவர், சாட்சி, தேடிக் கண்டுபிடித்தவர் எல்லாம் ஒரே ஆள் என்றால் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிய தேதியைப் பார்க்கச் சொல்வோம்.

#12 செம்பருத்தி

அந்த வாங் ஜி-என் என்ன ஆனான் என்று தேடிப் பார்த்தீர்களா யாராவது? எனக்கு இந்த மொத்தக் கதையில் இதுதான் பிடித்தது.

997இல் தம்பியும் சாகிறார். இந்த முறை பட்டத்து இளவரசன் முறையாக அறிவிக்கப்பட்டிருக்கிறான். அதே வாங் ஜி-என் அதே வேலையை மறுபடி செய்யப் பார்த்தான்! தம்பியின் ராணியோடு சேர்ந்து, முன்பு சித்தம் கலங்கி அரண்மனைக்குத் தீவைத்த மூத்த மகன் யுவான்சுவோவை ஏற்றத் திட்டம். முதலமைச்சர் லூ துவானை அழைக்க அவனே வந்தான். லூ துவானுக்கு 976 ஞாபகம் இருந்திருக்கும் போல. அவனைத் தன் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டிக் காவல் போட்டுவிட்டு அரண்மனைக்குப் போனார். ராணி மூத்தவனைப் பற்றிப் பேச்செடுத்தாள். “இளவரசரை முன்பே அறிவித்தது இந்த நாளுக்காகத்தானே” என்றார்.

அதோடு விடவில்லை. புது ராஜா திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், எல்லோரும் விழுந்து கும்பிடப் போகிறார்கள். லூ துவான் கும்பிடவில்லை. திரையை விலக்கச் சொல்லி, படியேறிப் போய் முகத்தைப் பார்த்து, சரியான ஆள்தான் என்று உறுதி செய்துகொண்டு, இறங்கி வந்து அப்புறம் கும்பிட்டார்.

21 வருஷத்துக்கு முன்னால் அந்த ராணிக்கு இப்படி ஒரு லூ துவான் இல்லை.

#13 நெல்மணி

இடையில் ஒரு தகவல், மன்னிக்கவும். அந்த முகம் பார்த்து உறுதி செய்யப்பட்ட ராஜாதான் ச்சென்சோங். முதலாம் ராசராசன் அனுப்பிய சோழத் தூதர்கள் 1015இல் கைஃபெங்கில் போய்க் கண்டது இவரைத்தான்.

#14 கிணற்றடி

அருமை செம்பருத்தி, எனக்கு அந்தக் கோணம் தோன்றவே இல்லை.

இன்னொன்றையும் போட்டுவிடுகிறேன். தாய்சூ ஆட்சியின் அதிகாரபூர்வப் பதிவைத் தம்பி காலத்திலும் அவர் மகன் காலத்திலும் திருத்தச் சொல்லித் திருத்தினார்கள். தம்பியின் வழி எழுதவைத்த வரலாறு அது. மறுபக்கம், துறவியின் நிழல் கதையை எடுத்து, சாமியார் பகுதியைத் திருத்தி, தம் பெருநூலில் சேர்த்து அதற்குத் தகுதி கொடுத்தவர் லி தாவ். நூலை முடித்தது 1183. அப்போது ஆண்டவர் சியாவ்சோங். அவர் யார்? தெஃபாங்கின் வழிவந்தவர். பிள்ளையில்லாத காவ்சோங் 1162இல் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் அரியணை அண்ணன் கிளைக்குத் திரும்பியிருந்தது.

லி தாவ் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை, அவரே குறிப்பில் சந்தேகங்களை எழுதிவைத்த நேர்மையாளர். ஆனால் தம்பிமேல் சந்தேகம் விழும் கதையை அச்சமில்லாமல் எழுத 1183 தோதான காலம். 990களில் எழுதியிருந்தால் தலை தங்காது. இந்த வழக்கில் கட்சி சாராத எழுத்து என்று நான் பார்த்தது எதிரி நாட்டு லியாவின் அந்த ஒற்றை வரிதான். அதிலும் ‘தானே நிறுத்திக்கொண்டார்’ என்று இருக்கிறது, ‘கொன்றார்’ என்று இல்லை.

#15 ராப்பாடி

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ‘கொன்றாரா’ என்பதை வாபஸ் வாங்கி ‘பறித்தாரா’ என்று தலைப்பை மாற்றச் சொல்லி மட்டுறுத்துநரைக் கேட்கட்டுமா?

#16 அரைக்காசு

மாற்றாதீர்கள். கொலை இல்லாவிட்டால் யாரும் இந்த இழைக்குள் வரமாட்டார்கள். நானே வந்திருக்கமாட்டேன்.

#17 மருதாணி

மாற்றுமுன் ஒரு சந்தேகம். ஐயா சொன்ன சிமா குவாங் குறிப்பைத் தேடிப் படித்தேன். இங்கே சொல்லும்போது ஐயா அதில் ஒரு ஆளை விட்டுவிட்டார். வாங் ஜி-என் தம்பி வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். செங் தெசுவான், தம்பிக்கு வேண்டிய வைத்தியர்.

இந்த நேரத்தில் இங்கே என்ன என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “இரண்டாம் ஜாமத்தில் ‘ஜின் இளவரசர் கூப்பிடுகிறார்’ என்று யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்து பார்த்தால் ஆள் இல்லை. மூன்று தடவை இப்படி. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று வந்தேன்.” பிறகு மூவரும் அரண்மனைக்குப் போகிறார்கள். வெளியே காத்திருங்கள், நான் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்கிறான் வாங் ஜி-என். “நேரே உள்ளே போக வேண்டியதுதான், என்ன காத்திருப்பது?” என்று தள்ளிக்கொண்டு போனது இந்த வைத்தியர்தான்.

ராஜா செத்தது நாலாம் ஜாமம் என்கிறது அதே குறிப்பு. இவர் கிளம்பியது இரண்டாம் ஜாமம். என் சர்வீஸில் ஆள் அனுப்பி, போன் பண்ணி, காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் ராத்திரியில் வராத டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். யாருமே கூப்பிடாமல், யாருக்கும் உடம்பு சரியில்லாமல், கொட்டுகிற பனியில் வந்து வாசலில் உட்கார்ந்த டாக்டரைப் பார்த்ததில்லை.